மேடையில் வைத்த கோப்பு

என் தங்கை கிறிஸ்டினாவின் வலக்கை விரல்கள் மரத்துப் போய்விட்டன என்பதை எனக்குச் சொன்னவர் அவளுடைய கணவர் அல்லர், அவளும் அல்லள். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் அவளுக்கு அடுத்த மேசையில் வேலை பார்க்கும் அஃப்ஸர் ஜஹான் என்னும் பெண்மணி, ஒரு செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்தவுடன் நேராக என் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கொடுத்த தேநீரைத் தொடாமலே சொன்னார்.

“நான் வந்தது அக்காவுக்குத் தெரியக் கூடாது சார். ரெண்டு மாசமா அக்கா பாஸ் பண்ற பீஸையெல்லாம் நான் இன்னொரு வாட்டி பாக்குறேன். என் பீஸையும் பாத்து, அவங்க பீஸையும் பாத்து, எனக்கும் வயசாவுது இல்ல?”

தைத்து வரும் காலணியின் மேல்தோலைக் கையில் வாங்கி, ஆள்காட்டி விரலைத் தையலின்மேல் ஓட்டி, விட்டுப்போன இழையைக் கண்டறிவது அவர்களுடைய வேலை. கண்ணுக்குத் தப்பியது விரலில் தட்டும். பத்தொன்பது ஆண்டுகள் அந்த விரலை நம்பியே கிறிஸ்டினாவுக்கு மேசை கொடுத்திருந்தார்கள்.

“இப்ப விரல் ஓடுது சார். நிக்க வேண்டிய எடத்துல நிக்க மாட்டேங்குது. போன வாரம் கத்திரிக்கோல் கையிலருந்து வுழுந்துச்சு. வுழுந்ததே அவங்களுக்குத் தெரியல. இன்னாக்கான்னு கேட்டா, தூக்கம் கம்மி அஃப்ஸர்னு சிரிக்கிறாங்க.”

“டாக்டர்கிட்டக் காட்டச் சொன்னீங்களா?”

“சொல்லாம இருப்பேனா? கூட்டம் முடியட்டும், கூட்டம் முடியட்டும்ங்கிறாங்க. எந்தக் கூட்டம், அதுக்கும் கைக்கும் இன்னா சம்பந்தம், எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியும்னுதான் வந்தேன்.”

எனக்குப் புரிந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, கிறிஸ்டினாவின் கணவர் ஜோசுவா பெங்களூரில் வேலை பார்த்தபோது, அவள் தலையில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் வளர்ந்த கட்டி அது. அந்த உறையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை என்றும், இவளுக்கு வந்தது ஆயிரத்தில் சிலருக்கு மட்டும் வரும் வேறு வகை என்றும் அங்கிருந்த மருத்துவர் சொன்னார். முப்பது நாள் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. இந்த வகை எடுத்த இடத்திலேயே திரும்ப வரும். எலும்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் வரும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு கழித்தும் வரும். ஆகவே உயிருள்ள வரை ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். ஐந்து ஆண்டுகள் தவறாமல் எடுத்தோம். ஐந்தும் சுத்தமாக இருந்தன.

ஐந்தாவது ஆண்டின் முடிவில் அவளைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள்.

எங்கள் சபைக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஜெபக் குழு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் நடத்துவார்கள். சுகம் பெற்றவர்கள் மேடையேறித் தங்கள் கதையைச் சொல்வார்கள். அந்தக் குழுவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்பவர் தம் மருத்துவக் கோப்பைக் கையோடு கொண்டுவந்து மேடையிலுள்ள மேசைமேல் வைத்துவிட வேண்டும். வைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை. அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போவது கடவுளைச் சோதித்துப் பார்ப்பதாகும். முன்பு சொன்ன சாட்சியும் செத்துவிடும். கிறிஸ்டினா சாட்சி சொன்னாள். கோப்பு மேசைக்குப் போயிற்று. அதன்பின் மூன்று ஆண்டுகள் ஸ்கேன் இல்லை.

அஃப்ஸர் ஜஹானை அனுப்பிவிட்டு அன்றே தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் இடக்கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு பேனாவை எடுத்து அவள் வலப்பக்கம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“யார்ண்ணா சொன்னது, அஃப்ஸரா?”

“யார் சொன்னா இன்னா. புடி.”

பிடித்தாள். பேனா விரல்களுக்கு நடுவே சாய்ந்து தரையில் விழுந்தது. உள்ளறையிலிருந்து ஜோசுவா வந்தார். அவர் அந்த ஜெபக் குழுவின் செயலர். கையில் கூட்டத்துக்கு அச்சடித்த துண்டறிக்கைக் கட்டு இருந்தது. மேல் தாளில் என் தங்கையின் படம்: வலக்கையை உயர்த்தி, வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

“மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில இவளை வேலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“கூட்டம் முடியட்டும் மச்சான். இன்னும் பன்னண்டு நாள்தான்.”

“பன்னண்டு நாள்ல கை சரியாயிடுமா?”

“அப்படி இல்ல. இப்போ ஸ்கேன் எடுத்து, அவங்க ஏதாவது சொல்லிட்டா, இவ எப்படி மேடையில நிப்பா? ஊரெல்லாம் பேனர் வெச்சாச்சு.”

“ஸ்கேன் எடுக்கலன்னா கட்டி இல்லாம போயிடுமா?”

அவர் துண்டறிக்கைக் கட்டை மேசைமேல் வைத்தார், விளிம்புகளை ஒழுங்காகத் தட்டினார், மறுபடி தட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்லர். கதிர்ச் சிகிச்சை நடந்த முப்பது நாளும் அவளுடைய வாந்தியைக் கையில் ஏந்தியவர். பயந்த மனிதர். பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு அதை ஊருக்கு அறிவித்தும்விட்ட மனிதர். அந்தப் படத்திலிருந்த திறந்த வாயை என்னால் பார்க்க இயலவில்லை.

“நான் வர்றேன்ண்ணா,” என்றாள் கிறிஸ்டினா. “அவர் வர வேணாம். கூட்டத்து வேலை இருக்குது.”

மறுநாள் வேலூர்ப் பேருந்தில், பள்ளிகொண்டாச் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது, “காலும் இழுக்குதுண்ணா. செருப்பு தன்னால கழண்டுடுது. அதான் இப்போ பெல்ட் வெச்ச செருப்பு,” என்றாள். காலைப் பார்த்தேன். அவள் தொழிற்சாலையிலேயே கழிக்கப்பட்ட செருப்பு. வார் கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது.

வேலூரில் ஸ்கேன் எடுக்க இரண்டு நாளாயிற்று. மூன்றாம் நாள் தூபா என்ற பெண் மருத்துவர் எங்களை அழைத்தார். வாணியம்பாடிக்காரர், சுற்றி வளைக்காமல் பேசினார். திரையில் மண்டையோட்டின் இடப்புறம், உச்சிக்குச் சற்றுக் கீழே, உறையோடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒன்று இருந்தது. எலுமிச்சம்பழ அளவு.

“பழைய எடத்துக்குப் பக்கத்துலயே வந்திருக்கு,” என்றார். “உறையில வர்ற கட்டியை நாங்க நெறைய பாக்குறோம். முக்கால்வாசி சாது. இது பாக்க அப்படித் தெரியல. பழைய பயாப்சி ரிப்போர்ட்ல இன்னா பேரு போட்டிருந்தாங்க?”

“அபூர்வ வகைன்னு சொன்னாங்க. நீளமான பேரு.”

“அபூர்வத்துலயே நாலஞ்சு இருக்குது சார். சரி, அறுத்தா பேரு தெரிஞ்சிடும். எனக்கு அதைவிட முக்கியம் கதிர். எந்த எடத்துல, எந்தக் கோணத்துல, எவ்ளோ குடுத்தாங்க? அது அறுத்தா தெரியாது. தெரியாம மேல மேல குடுத்தா நல்ல மூளை கருகிப்போவும். குடுக்காம வுட்டா கட்டி சீக்கிரமே மறுபடி வரும். அந்த ஆஸ்பத்திரியில கேட்டு வாங்குங்க.”

“அந்த ஆஸ்பத்திரியை மூடி நாலு வருஷமாச்சு.”

“அப்போ உங்க ஃபைல்?”

கிறிஸ்டினாதான் சொன்னாள்:

“பத்திரமா இருக்குது டாக்டர். கண்ணாடி பீரோவுல பூட்டி வெச்சிருக்காங்க.”

“யாரு?”

அவள் சொன்னாள். சினமோ ஏளனமோ மருத்துவரின் முகத்தில் இல்லை. “வியாழக்கிழமைக்குள்ள கொண்டாங்க. வியாழக்கிழமை எங்க எல்லா டாக்டரும் உக்காந்து முடிவு பண்ணுவோம்,” என்றார். “அந்த முடிவுக்கு அந்த ஒரு பேப்பர் வேணும்.”

திங்கட்கிழமை காலை நான் தனியாக அந்தக் குழுவின் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் கட்டிய பேனரில், என் உயரத்துக்கு மேலே, வலக்கையை உயர்த்திக்கொண்டு, என் தங்கை பனையளவு பெரிதாக நின்றாள். உள்ளே நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குழுவின் தலைவர் புகழேந்தி முன்பு ஒரு தோல் பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். எழுந்து வந்து கைகுவித்தார்.

“வாங்க ஐயா. உங்களைப் பாத்து எவ்ளோ நாளாச்சு.”

“என் தங்கச்சி ஃபைல் வேணும்.”

அவர் திரும்பிப் பார்த்த திசையில் அந்தக் கண்ணாடி அலமாரி இருந்தது. அதை மூன்று ஆண்டுகளாக நான் பார்க்கவில்லை. மேல் தட்டில் இரண்டு ஊன்றுகோல்கள், ஒரு தடித்த மூக்குக்கண்ணாடி, இன்சுலின் ஊசிப் பெட்டி, ஆஸ்துமாக்காரர் யாரோ உறிஞ்சிய பிளாஸ்டிக் குழாய். அந்தக் குழாயின் வாயில் பழைய எச்சில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. யாரும் துடைக்கவில்லை; துடைத்தால் அதன் பெருமை போய்விடும் போலும். கீழ்த்தட்டுகளில் கோப்புகள், முதுகில் எண் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. நாப்தலின் உருண்டை நாற்றம். யாருடைய மார்பு எக்ஸ்ரே படமோ கண்ணாடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்னால் சிறு மின்விளக்கு எரிந்து, அவர் விலா எலும்புகளை ஒளிரச் செய்துகொண்டிருந்தது. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க நினைத்தேன். விடையைக் கேட்கும் துணிவு வரவில்லை.

“ஐயா, குடுத்ததைத் திருப்பிக் கேக்குறது இங்க வழக்கம் இல்லீங்களே.”

“அவளுக்கு மறுபடி கட்டி வந்திருக்குது. கதிர் எவ்வளவு குடுத்தாங்கன்னு அதுலதான் இருக்குது.”

அவர் முகம் வாடியது. மெய்யாகவே வாடியது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். ஆனால் அடுத்து அவர் கேட்டது இது:

“வெளிய யாருக்காவது தெரியுமாய்யா?”

எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. துப்புவதற்கு இடம் தேடும் உமிழ்நீர்.

“ஒரு வாரம்தானே,” என்றார் அவர். “கூட்டம் ஞாயித்துக்கிழமை முடிஞ்சிடும். திங்கக்கிழமை நானே கொண்டாந்து வீட்டுல குடுக்குறேன். ஒருத்தருக்கு இப்போ எடுத்துக் குடுத்தா நாப்பது பேரும் கேப்பாங்க.”

“கேக்கட்டும். நாற்பது பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.”

“போயிட்டா இங்க இன்னா இருக்குது ஐயா? காலி பீரோதான்.”

நான் நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் உயர்த்திய குரலை அங்கே உயர்த்தினேன். செத்தவன் பல்லைப் பிடுங்கி மாலை கட்டுவது போன்ற வேலை இது என்றேன். நோயாளியின் காகிதத்தைப் பூட்டி வைப்பது அவள் மருந்தைப் பூட்டி வைப்பது என்றேன். நாற்காலி துடைத்தவர்கள் நின்றுவிட்டார்கள். புகழேந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதை குறையாமல் சொன்னார்:

“எல்லாம் சரிங்கய்யா. அன்னிக்கு மேடையில அக்கா ஃபைலைக் குடுக்காம மாருல கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க. ஞாபகம் இருக்குதா? நானே, விருப்பம் இல்லன்னா வேணாம்மான்னு சொன்னேன். நீங்கதான் கையிலருந்து வாங்கி மேஜை மேல வெச்சீங்க. அந்தச் சாட்சியை எழுதிக் குடுத்ததும் நீங்கதான். இன்னிக்கும் புதுசா வர்றவங்களுக்கு இதைப் பாத்து எழுதுங்கன்னு அதைத்தான் ஜெராக்ஸ் போட்டுக் குடுக்குறோம்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டவும் செய்தார். என் சொற்கள், என் பத்திகள். பெங்களூர் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னவற்றில் ஒரு சொல்கூட அதில் இல்லை. அவற்றை நான் மறந்து எழுதவில்லை. எழுதும்போது நினைவில் இருந்தன. உயிருள்ள வரை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதினால் சாட்சி முடிவில் சப்பென்று போய்விடும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு அலைவதும் எனக்குச் சலித்திருந்தது. கிறிஸ்டினா மேடையில் அதைப் படித்து முடித்தபோது இரண்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவனுடைய எழுத்துக்கு ஊர் எழுந்து நின்றது அன்று ஒருநாள்தான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். அது நன்றிக் கண்ணீர் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்த ஆஸ்துமாக் குழாயின்மேல் எனக்கு எழுந்த அருவருப்பு, அந்தத் தாளைப் பார்த்தபோது எழுந்ததில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. கிறிஸ்டினா தொழிற்சாலைச் சீருடையிலேயே இறங்கி வந்தாள். அஃப்ஸர் ஜஹான் அவள் முழங்கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டு, தான் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார். கிறிஸ்டினா எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் கோப்பைக் கேட்க இங்கே வருவேன் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

“குடுக்கலையாண்ணா?”

“கூட்டம் முடிஞ்சு தர்றாராம்.”

அவள் புகழேந்தியின் பக்கம் திரும்பினாள். “அண்ணே, ஞாயித்துக்கிழமை நான் வரணுமா?”

“நீங்க வராம எப்படிம்மா? பேனர்லயே நீங்கதானே.”

“வர்றேன். மேடை ஏறுறேன். சாட்சி சொல்லும்போது எல்லாரும் வலது கையைத் தூக்கணும் இல்ல?” அவள் வலக்கையை இடக்கையால் பிடித்து மேலே தூக்கினாள், பிடியை விட்டாள். அது தொப்பென்று தொடைமேல் விழுந்தது. “இப்படித்தான் தூக்குவேன். மூணு வாட்டி தூக்குவேன். மைக் குடுத்தீங்கன்னா இன்னாத்துக்குன்னும் சொல்லுவேன்.”

அவள் மிரட்டவில்லை. கடையில் சாமான் கேட்பவள்போல் சொன்னாள். புகழேந்தி அவளைப் பார்க்கவில்லை. விழுந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்புச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். இருபத்தாறாம் எண் கோப்பு. எடுத்த இடத்தில் தூசியில்லாத ஒரு நீள்சதுரம் இருந்தது. அவர் அங்கே வேறு ஒரு கோப்பைத் தள்ளி வைத்து அதை மறைத்தார்.

“பேனரை இன்னிக்கே எடுத்துடுங்கண்ணே,” என்றாள் அவள். “நாளைக்கு நான் இந்த வழியாத்தான் வேலூர் போவணும்.”

வியாழக்கிழமை முடிவெடுத்தார்கள். வெள்ளியன்று தூபா எங்கள் மூவரையும் உள்ளே அழைத்தார். ஜோசுவாவும் வந்திருந்தார். அன்று மாலை அவருடைய கூட்டத்தின் முதல் நாள். அவர் அதற்குப் போகவில்லை.

கோப்பில் எல்லாம் இருந்தது: பெயர், தரம், கதிரின் அளவு, கோணம். கடைசித் தாளின் அடியில் அந்தப் பெங்களூர் மருத்துவரின் கையெழுத்தில், உயிருள்ள வரை ஆண்டுதோறும் என்ற வரி இரண்டு முறை அடிக்கோடிடப்பட்டு இருந்தது.

“வேற எடத்துல இப்போதைக்கு எதுவும் இல்ல. எலும்பு, ஈரல், நுரையீரல் எல்லாம் பாத்துட்டோம்,” என்றார் தூபா. “அது நல்ல சேதி. திங்கக்கிழமை ஆபரேஷன். அப்புறம் கதிர். பழைய அளவு தெரிஞ்சதால, மிச்சம் எவ்ளோ குடுக்கலாம்னு இப்போ சொல்ல முடியுது. கை முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன். பாதி திரும்பலாம்.”

“எத்தனை வருஷம் டாக்டர்?” என்றாள் கிறிஸ்டினா.

“இந்த வகையில ஒரு வாட்டி திரும்பி வந்துட்டா, அடுத்தது முதல் வாட்டி மாதிரி எட்டு வருஷம் காத்துக்கிட்டு இருக்காதும்மா. ரெண்டு, மூணு, அஞ்சு. சிலருக்குப் பத்து. இத்தனைன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். வந்தா வந்த உடனே புடிக்கணும். அதுதான் நம்ம கையில இருக்கிறது.”

“மூணு வருஷம் முன்னாடி பாத்திருந்தா?”

மருத்துவர் கோப்பை மூடினார். “எப்போ ஆரம்பிச்சதுன்னு யாரும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் பாத்திருந்தா சின்னதுலயே தெரிஞ்சிருக்கும். ஒருவேளை கத்தி இல்லாம கதிரோடயே முடிஞ்சிருக்கும்.”

அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தலையாவது குனிந்திருக்கலாம். ஜோசுவா மூக்கைச் சிந்தினார். “நான்தான் டாக்டர், போக வேணாம்னு சொன்னது,” என்றார். மூன்று ஆண்டுகளில் அவர் சொன்ன முதல் சாட்சி அது. மெய்யான சாட்சி. இலக்கணப் பிழையின்றி எழுதத் தெரிந்தவன், “நான்தான் கோப்பை மேசையில் வைத்தேன்” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்த அறையில் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இங்கே எழுதிவிட்டேன். எழுதுவது எப்போதும் எனக்கு எளிது.

“இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி வரணும்,” என்றார் தூபா. “ஒவ்வொரு வாட்டியும் இந்த ஃபைலோட.”

எழுந்தோம். கிறிஸ்டினா நாற்காலியைப் பிடித்து நிமிர்ந்தபோது அவள் வலக்கால் தடுமாறியது. கோப்பு மேசைமேல் இருந்தது. சுமையைக் குறைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் என்னை முந்திக்கொண்டு இடக்கையால் அதை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“வேணாம்ண்ணா. எங்கிட்டயே இருக்கட்டும். நீ எங்கியாவது வெச்சிடுவ.”

ஜோசுவா அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன்.